அப்பா உயிரோடுதான் இருக்கிறார்

பிப்ரவரி 8, சனி

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் ஓர் இலவச வகுப்பு நடக்கிறது. ‘கல்லூரிக்கு ஆயத்தம்’ என்று பெயர். பள்ளி இறுதி வருடம் படிப்பவர்களுக்கானது. தேறினால் வெளிநாட்டுக் கல்லூரிக்கெல்லாம் அனுப்புகிறார்களாம். அம்மா வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு இந்த வகுப்பை நடத்தும் மேடம் ஃபிரேம் மாற்ற வந்திருக்கிறார். கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவரிடம் அம்மா என்னையும் சேர்த்து மாட்டிவிட்டாள்.

போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் கடைசி பெஞ்சு கிடையாது. இத்தனை வருடப் படிப்பில் நான் ஒழுங்காகக் கற்ற ஒரே கலை கடைசி பெஞ்சில் ஒளிவது. அது முதல் நாளே செல்லாக்காசானது.

ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுந்து என் பெயரைச் சொன்னேன். அதிலும் பாதிதான் வெளியே வந்தது. மீதி பாதி தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. மேடம் பெருந்தன்மையாகக் கை தட்டினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா கேட்டார், “என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“நான் யாருன்னு யோசிக்கச் சொல்லியிருக்காங்கப்பா.”

“யோசிச்சியா?”

“ம்.”

“யாரு?”

“தெரியல.”

“சரி, தெரியற வரைக்கும் அந்த ஸ்பேனரை எடு.”

அப்பா வைத்திருப்பது வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடை. கீழே கடை, மேலே வீடு. விடுமுறை நாட்களில் நான் அங்கே எடுபிடி. கடைக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் கேட்பது, “மெஷின் எப்படிச் சத்தம் போடுது? போட்டுக் காட்டுங்க.” உடனே டை கட்டிய பெரிய மனிதர்கள்கூட நடுக்கடையில் நின்று ‘ஙொய்ங்... கடகட கடகட’ என்று வாயால் செய்து காட்டுவார்கள். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பேரிங்” என்பார். இல்லாவிட்டால் “பம்ப்”. நானும் பின்னால் நின்று மனதுக்குள் ஊகித்துப் பார்ப்பேன். பாதி சரியாக வரும். பாதிதான்.

பிப்ரவரி 22, சனி

வட்டத்தில் முன்வரிசை கிடையாது என்று யார் சொன்னது? ஒரு பையன் இருக்கிறான், எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் முன்வரிசை ஆகிவிடுகிறது. ஆகவே இந்த ஏட்டில் அவன் பெயர் முன்வரிசை. மேடம் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிறான். வேண்டாம் என்றாலும் உதவி செய்கிறான். இன்று என் குடையை விரித்துக் கொடுத்தான். மழை இல்லை.

பிப்ரவரி 26, புதன்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்பு பிடித்திருக்கிறது. கல்லூரி என்றால் மார்க் வாங்கி, வரிசையில் நின்று, கிடைத்த படிப்பில் விழுவது என்றுதான் நினைத்திருந்தேன். உலகத்தில் சத்தத்தையும் அதிர்வையும் மட்டுமே வைத்து ஒரு முழுப் பொறியியல் படிப்பு இருக்கிறதாம். போன சனிக்கிழமை மேடம் கணினியில் காட்டினார். கடல் தாண்டி ஒரு கல்லூரி. முழு உதவித்தொகை உண்டு. வருடத்துக்கு ஒருவரை இந்த வகுப்பிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன, பிடிச்சிருக்கா?” என்றார் மேடம். “சும்மா பாக்கறேன் மேடம்,” என்றேன். நகைக்கடை வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது.

மார்ச் 1, சனி

அடுத்த வாரம் ஒத்திகை நேர்காணல். எல்லோர் முன்னாலும். நிச்சயம் வரும் கேள்வி ஒன்றை மேடம் முன்னாலேயே சொல்லிவிட்டார்: ‘நீ சந்தித்த மிகப் பெரிய கஷ்டம் எது?’

மார்ச் 6, வியாழன்

கஷ்டம் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

வீட்டில் மூன்று வேளை சாப்பாடு. அம்மா அப்பா சண்டை போடுவது மின்விசிறி எந்த எண்ணில் சுற்ற வேண்டும் என்பதற்காக. எனக்குப் பெரிய நோய் வந்ததில்லை. ஒரு முறை பல் பிடுங்கினார்கள், அதுவும் வலிக்கவில்லை. முன்வரிசைக்கு வெள்ளத்தில் வீடு போயிருக்கிறது. வகுப்பில் ஜன்னல் ஓரத்தில் உட்காரும் பெண் தன் தம்பியைத் தனியாளாக வளர்க்கிறாள். எல்லோரிடமும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. எனக்கு மட்டும் துன்பப் பஞ்சம். இதை வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள்.

மார்ச் 8, சனி

அய்யோ.

என் முறை வந்தது. எழுந்தேன். மேடம் கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ‘கஷ்டம் எதுவும் இல்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எங்கப்பா இறந்துட்டார்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் வாய் பேசாதவள் ஆயிற்றே! ஆனால் பொய் சொல்லும்போது எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு சரளம். மாரடைப்பு என்றேன். கடையை நானே நடத்துகிறேன் என்றேன். அம்மா இரவெல்லாம் துணி தைக்கிறாள் என்றேன். முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜன்னல் ஓரத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் முறையாக முழுதாகப் பேசி முடித்து உட்கார்ந்தேன். அதுவும் பெற்ற தகப்பனைக் கொன்று.

வீட்டுக்கு வந்தேன். செத்தவர் தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஏன் லேட்டு?” என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

மேடம் தொலைபேசியில் கூப்பிட்டார். நேர்காணலுக்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறாராம். வருடத்துக்கு ஒருவர் என்றேனே, அந்த ஒருவர் நான்.

நியாயமாகத் துள்ளிக் குதிக்க வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்பவே சொல்லிடலாமா? சொன்னா பேரை எடுத்துடுவாங்க. சொல்லலைன்னா? அப்பாவை எத்தனை நாள் இப்படியே வெச்சிருக்கிறது?

மார்ச் 15, சனி

வகுப்பு இல்லாத சனிக்கிழமை. கடையில் இருந்தேன். ஒரு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் முன்வரிசையின் குரல்.

தந்தையை இழந்த தோழிக்கு வியாபாரம் கொடுக்கலாம் என்று தன் வீட்டு வாஷிங் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். வேண்டாம் என்றாலும் உதவுவான் என்று எழுதினேன் அல்லவா?

“யாரு வேணும் தம்பி?” என்றார் அப்பா.

“இந்தக் கடைப் பொண்ணைப் பாக்கணும் சார். நீங்க?”

“கடைக்காரன்.”

“ஓ. அவங்கப்பா போனப்புறம் நீங்க வாங்கிட்டீங்களா?”

“எங்க போனப்புறம்?”

முன்வரிசை குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அதான் சார்... இறந்தப்புறம்.”

கடையில் ஒரு மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. அப்பா போய் அதை நிறுத்தினார். எனக்கு அந்த மெஷினுக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

“அவ அப்பா நான்தான் தம்பி,” என்றார். பிறகு, அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, “மெஷின் என்ன சத்தம் போடுது?” என்று கேட்டார். முன்வரிசை திக்கித் திணறி ‘டொக் டொக்’ என்றான். வாழ்க்கையில் இப்படி ஒரு பரிதாபமான டொக் டொக்கை நான் கேட்டதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

பேசவில்லை. அம்மாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்கு வேறு வருத்தம்.

“என்னைப் பத்தி என்ன சொன்னே?”

“ராத்திரியெல்லாம் துணி தைக்கிறேன்னு சொன்னேன்.”

“நானா? எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாதேடி!” என்றாள். பிறகு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவர்கிட்ட நீயே போய்ப் பேசு. இதுல நான் வர மாட்டேன்,” என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

கடைக்குப் போய் அருகில் நின்றேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை, தானே குனிந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார்.

“சும்மா வாய்ல வந்துடுச்சுப்பா. எல்லாருக்கும் ஒரு கதை இருந்துது. எனக்கு மட்டும் சொல்லிக்க ஒண்ணுமே இல்ல.”

என்னைப் பார்க்காமலே கேட்டார். “நான் உயிரோட இருக்கறது சொல்லிக்கற மாதிரி இல்லையா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அதான், அதைத்தான் என்னால... என்ன பொண்ணு நான்? அவர் நோய்னு ஒரு நாள் படுத்ததில்ல. எங்களைப் படுக்கவும் விட்டதில்ல. கஷ்டம் எதுவும் என்கிட்ட வந்து சேரலைன்னா அது தானா வராம போச்சா? வழியிலேயே யாரோ நிறுத்தியிருக்காங்க இல்ல? இது ஏன் எனக்கு அங்க நின்னப்போ தோணல?

இன்று கேலி செய்ய ஒன்றும் வரவில்லை.

மார்ச் 19, புதன்

மேடத்தைத் தேடி நூலகத்துக்கே போனேன். சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு அன்னிக்கே கொஞ்சம் உறுத்துச்சு.”

“ஏன் மேடம்?”

“இறந்தவங்களைப் பத்தி ‘இருந்தார்’னுதான் சொல்வோம். நீ ‘எங்கப்பா எல்லாத்தையும் காதாலயே கேட்டுக் கண்டுபிடிச்சுடறார்’, ‘மத்தியானம் பத்து நிமிஷம் தூங்கறார்’னு சொல்லிட்டே போனே. துக்கத்துல குழம்பறேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அதாவது பொய்கூட எனக்கு இலக்கணச் சுத்தமாக வரவில்லை.

“உன் பேரைக் குடுக்க நெனச்சது அந்தக் கதைக்காக இல்ல. உன் கணக்குக்காக, அந்தப் படிப்பை நீ பார்த்துக்கிட்டு நின்ன நிலைக்காக,” என்றார். “ஆனா இப்ப பேரை நிறுத்தி வெக்கறேன். நான் சொல்றதை அவங்க நம்பணும்னா, உன்னை நான் நம்பணும். சனிக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வா.” கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டுச் சொன்னார், “உயிரோட.”

மார்ச் 21, வெள்ளி

அப்பாவிடம் கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் மாலையில் அம்மாவிடம் நீலச் சட்டை எங்கே என்று கேட்டது காதில் விழுந்தது.

மார்ச் 22, சனி

நீலச் சட்டையில் அப்பா நூலகப் படி ஏறினார். நான் பின்னால். தூக்குமேடைக்குப் போகிறவர்கள்கூட இதைவிட உற்சாகமாக ஏறுவார்கள்.

வட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசை விருட்டென்று எழுந்து நின்றான். அப்பா வாசலிலேயே நின்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துச் சொன்னார்:

“செத்துப்போனவன் நான்தாங்க.”

ஜன்னல் ஓரத்துப் பெண்தான் முதலில் சிரித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். நிஜமாகவே வெள்ளத்தில் வீடு இழந்தவனையும், நிஜமாகவே தம்பியை வளர்ப்பவளையும் பார்த்துக் கேட்பது எளிதாக இல்லை. ஜன்னல் ஓரத்துப் பெண், “உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனேடி, பாவி,” என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லத் தேவையில்லை.

வகுப்பு முடிந்ததும் மேடம் அப்பாவை உட்காரவைத்துப் பேசினார். படிப்பு என்ன, எத்தனை வருடம், எங்கே தங்குவது எல்லாம். அப்பா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்க போனா திரும்பி வருவாளா மேடம்?”

“அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது சார்.”

“நாங்க ஆறு மாசத்துக்குத் தர்றோம்,” என்றார் அப்பா. மேடத்துக்குப் புரியவில்லை. “பேரிங் மாத்தினா,” என்று விளக்கினார். சிறிது நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி. பேரைக் குடுங்க.”

வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதித் தெரு தாண்டினோம். அப்புறம் கேட்டார்.

“எப்படிச் செத்தேன்?”

“மாரடைப்புப்பா.”

“தூக்கத்துலயா?”

“கடையில. வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே.”

யோசித்தார். “பரவாயில்ல,” என்றார். “மெஷினை முடிச்சுக் குடுத்தப்புறமா, முன்னாடியா?”

“முடிச்சுக் குடுத்தப்புறம்.”

“அதானே பாத்தேன்,” என்றார்.

ஏப்ரல் 5, சனி

மேடம் என்னை வறுத்தெடுக்கிறார். முதலில் பதிலை வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும், பிறகு அதையே இங்கிலீஷில். முன்வரிசைதான் என்னைப் பேட்டி எடுப்பவன். இன்று ‘உன் பலவீனம் என்ன?’ என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் அவனே ஒரு பட்டியல் கொடுத்தான். அவன் இங்கேயே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறான். கிடைத்துவிடும். பாவம், வருங்காலத் தலைமுறை.

ஏப்ரல் 16, புதன்

நேர்காணல் முடிந்தது. நூலகத்தின் சின்ன அறையில், கணினித் திரையில் மூன்று பேர். நீ சந்தித்த மிகப் பெரிய கஷ்டம் எது? வந்தேவிட்டது.

எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை, என் அப்பா அதை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுகிறார் என்றேன். அது தெரியாமல் ஒத்திகையில் அவரைச் சாகடித்துவிட்டேன், அதற்கடுத்து அவர் என்னோடு பேசாத அந்த நாட்கள்தான் கஷ்டம் என்றேன். இங்கிலீஷில் இலக்கணம் தவறித் தவறித்தான் வந்தது. திரையில் இருந்த அம்மாள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

பிறகு ஏன் இந்தப் படிப்பு என்றார்கள். கடையைப் பற்றிச் சொன்னேன். சொன்னால் புரியாது என்று பேரிங் போன மெஷினின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினேன். முழுதாக. தண்ணீர் இறங்கும் இடம் வரைக்கும். வெளிநாட்டுக் கல்லூரி நேர்காணலில் ‘ஙொய்ங்’ என்ற முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

தாடி வைத்த பேராசிரியர் சிரித்துவிட்டு, தன் வீட்டு மெஷின் போடும் சத்தத்தை அவரும் போட்டுக் காட்டினார். “பம்ப்,” என்றேன் தைரியமாக.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதே சத்தத்தைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். “பம்ப் இல்லடி. பெல்ட்டு.”

முடிந்தது கதை.

மே 2, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. அம்மா தினமும், “வந்துடுச்சா?” என்கிறாள். அப்பா கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை நான் கவனிக்கிறேனா என்று கவனிக்கிறார்.

மே 12, திங்கள்

கிடைத்துவிட்டது.

முழு உதவித்தொகை. மின்னஞ்சலைப் படித்துவிட்டு மறுபடி படித்தேன். என் பெயர்தானா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அடியில் தாடிப் பேராசிரியர் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: பழுதுபார்க்கும் ஆள் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனாராம். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம். தரைதான் சமமாக இல்லையாம்.

கீழே கடைக்கு ஓடிப்போய் அப்பாவிடமும், சாப்பாட்டுக்கு வந்திருந்த அம்மாவிடமும் சொன்னேன். “ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னாளாம்,” என்றாள் அம்மா, “இவங்களுக்கு நெஜமாவே தரை கோணலா?” அப்பனும் மகளும் சேர்ந்து தோற்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா வாடிக்கையாளரைப் பார்த்து, “நீங்க அப்புறம் வாங்க,” என்றார். கடை திறந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூலை 30, புதன்

பெட்டிக்குள் அம்மா வைப்பதையெல்லாம் நான் எடுக்கிறேன். நான் எடுப்பதையெல்லாம் அவள் வைக்கிறாள். ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விமான நிலையத்தில் அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அழவில்லை. பாதுகாப்புச் சோதனை தாண்டி, அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான். அங்கிருந்த காவலர் என் பையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து இரண்டாம் முறை சோதித்தார்.

செப்டம்பர் 6, சனி

குளிர். இவர்கள் இதை இலையுதிர்காலம் என்கிறார்கள். நான் இதை ஃபிரிட்ஜ் என்கிறேன். கடையில் ரொட்டி கேட்டால் சோப்பு தருகிறார்கள். என் உச்சரிப்பு அப்படி. சோப்பை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். இப்போது என்னிடம் நிறையச் சோப்பு இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறிடம் போய்விடுகிறது. இவ்வளவு தூரம் வந்ததும் பழைய கடைசி பெஞ்சு கிடைத்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. “நல்லா இருக்கியா?” என்றார் அப்பா போனில். “இருக்கேன்பா.” “குரல் சரியில்லையே.” சிக்னல் என்றேன். “சிக்னல் சத்தம் வேற மாதிரி இருக்கும்,” என்றார். நான் அழுது முடிக்கும் வரை இணைப்பிலேயே இருந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

ஆய்வகத்தில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. பக்கத்திலிருந்தவள், “நானும் இதையேதான் கேட்க நினைத்தேன்,” என்று காதில் சொன்னாள். ஆக, குறைந்தது இரண்டு முட்டாள்கள். துணை கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 21, சனி

பனி பெய்து ஓய்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பூங்கொத்தோடு ஒரு பெரியவர் வந்தார். அங்கே நான்கைந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். அவர் என்னிடம் வந்து, மருத்துவமனைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்.

எதிர்ப்பக்கத்தில் ஏறுங்கள், பாலம் தாண்டி இரண்டாவது நிறுத்தம், இறங்கியதும் இடது பக்கம் என்றேன். பாதையில் வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றும் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். அவருடைய பேருந்து வந்தது, ஏறிப் போனார்.

அது போன பிறகுதான் உறைத்தது. சொல்வதற்கு முன் மனதுக்குள் ஒரு முறைகூட நான் சொல்லிப் பார்க்கவில்லை.

சொன்ன வழி சரிதானா என்று மட்டும் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

சரிதான்.